அக்காவின் நிரை

ஆப்பிரிக்காவில் ஆதிமனுஷி ஒருத்தியின் எலும்புகளைக் கண்டெடுத்தவர்கள், டிவியில் ஓடிய பழைய படமொன்றில் கைதட்டிச் சிரித்தார்கள். தாடையெலும்பில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்ததும் டிவியை அணைத்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், ஓர் அடைமழையில், போடிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டம் சரிந்தது. காய் எடுத்துக்கொண்டிருந்த அக்கா மண்ணுக்குள் போய்விட்டாள். மூன்றாம் நாள், "மண்ணு ஓடைக்கு எறங்கிருச்சு, கீழ பாப்போம்" என்றார்கள் தோட்டத்து ஆட்கள். ஆத்தா கேட்கவில்லை.

"எம்மக காய் எடுத்து முடிக்காம நிரைய விட்டு நகரமாட்டா."

அக்காவுக்கு ஒதுக்கிய அந்த வரிசையிலேயே ஆத்தா தனியாக மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தாள். பிய்ந்த ஏலச்செடியின் வாசனை எங்கள் சோற்றிலும் ஏறியிருந்தது.

ஒருநாள் வாத்தியார் இதே எலும்புகளின் படத்தைப் பேப்பரில் காட்டினார். அதை வாங்கிக்கொண்டு ஆத்தா கொத்திக்கொண்டிருந்த மேட்டுக்கு ஓடினேன்.

"ஆத்தா, இந்தப் பொம்பள செத்து முப்பது லட்சம் வருசமாம். மழைதான் அரிச்சுக் கீழ கொண்டாந்துச்சாம். நாமளும் வெரசா ஓடைக்குப் போவோம்!"

சேற்றுக் கையால் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தாள்.

"இவளப் பெத்தவ கைக்குக் கெடைக்கலையே, தாயி."

அன்றைக்கே ஓடைக்கு இறங்கினோம். அதற்குள் வெள்ளம் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது.

என்றாவது யாராவது அக்காவையும் கண்டெடுப்பார்கள். கைதட்டுவார்கள்.