முனியாண்டி கோயில் பூட்டு

எங்கள் தோட்டத்து முனியாண்டி கோயிலில் சாமிக்கு முன்னால் ஒரு இரும்புச் சங்கிலி தொங்குகிறது. சங்கிலி முழுக்கப் பூட்டுகள். ரப்பர் எடுக்கிற பால்மரம் வெட்ட ஊரைவிட்டுக் கடல்தாண்டிக் கப்பலில் வந்தவர்கள் வீட்டுக்கொரு பூட்டு மாட்டி, "ஊருக்குப் போறன்னிக்கு வந்து தொறந்துக்கிறோம், அதுவரைக்கும் நீதான் காவல்" என்று வேண்டிக்கொண்டார்களாம். பெரும்பாலோர் போகவே இல்லை. பிள்ளைகள் காலத்தில் அது வேறு மாதிரி சட்டமாகிவிட்டது. தோட்டத்தை விட்டு யார் வெளியேறினாலும் தங்கள் குடும்பப் பூட்டைத் திறந்து கையோடு எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பழைய வரலாறு தேடுகிறவர்கள் ஈப்போ டவுனிலிருந்து வேன் போட்டு வருவார்கள். "எவ்வளவு அபூர்வம்!" என்று படம் எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் ஏசி வேனில் ஏறிவிடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அபூர்வமாம் அபூர்வம்! அதில் ஒரு பூட்டால்தான் நான் தோட்டக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய இந்த லயத்து வீட்டில் கிடந்து சாகிறேன் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

தோட்டத்தை எப்போதோ விற்றுவிட்டார்கள். பால்மரம் போய் எண்ணெய் எடுக்கிற செம்பனை வந்தது, செம்பனையும் போய் வீடு கட்டுகிற கம்பெனியின் தகர வேலி வந்தது. லயத்தில் மிச்சம் எங்கள் வீடும் எதிர்வீட்டு அக்கா வீடும்தான். எங்களுக்கு ஈப்போவில் பிளாட் ஒதுக்கியிருந்தார்கள். மாதக் கடைசிக்குள் குடிபோகாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். இங்கேயோ குழாயில் தண்ணீர் நின்று நின்று வருகிறது. எந்தப் பக்கம் பார்த்தாலும் தகரம். எனக்கு மூச்சு முட்டியது.

என் வீட்டுக்காரர் அசைந்தால்தானே!

"சாவி தொலஞ்சு போச்சுலா. பூட்டத் தொறக்காம எப்படிப் போறது?"

"ஒடச்சிருவோம்."

"வாயக் கழுவு! சாமி குத்தமாயிரும்."

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டுதான். எதிர்வீட்டு அக்கா தன் பூட்டைத் திறந்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். "நாளைக்கு லோரி வருது. நீ எப்ப வார?" என்று கேட்டார். எனக்கு அழுகைதான் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வீட்டுச் சாமி மேடையைத் துடைக்கும்போது திருநீற்று டப்பா கை தவறி விழுந்தது. அதை நாங்கள் காலி செய்ததே கிடையாது. குறையக் குறைய மேலே கொட்டுவோம், அவ்வளவுதான். சிதறிய திருநீற்றுக்குள் துணி சுற்றிய ஒரு சாவி கிடந்தது. துளிகூடத் துரு இல்லை. தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தது.

வாசலில் உட்கார்ந்திருந்தவர் முன்னால் போய் அதை நீட்டினேன்.

"என்னங்க இது?"

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா சாவுறப்ப குடுத்தாரு."

"அப்புறம் எதுக்குத் தொலஞ்சு போச்சுன்னு சொன்னீங்க?"

"தொறந்தா போகணும்லா." குனிந்த தலை நிமிரவில்லை. "இங்க நான் பூசாரி மவன். கோயிலுக்கு வர்ற நாலு பேரு மதிச்சுக் கூப்பிடுறாங்க. அந்த பிளாட்ல என்னய யாருக்குத் தெரியும்?"

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வயிறு எரிந்ததே, அதற்கு என்ன செய்ய?

"உங்க பயத்துக்கு நான்தானா கெடச்சேன்? என்னயில்ல உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்க!"

நேரே கோயிலுக்கு நடந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார். சாவியைப் போட்டுத் திருப்பினேன். பூட்டு சத்தமில்லாமல் திறந்துகொண்டது. அதற்கும் எண்ணெய் விட்டு வந்திருக்கிறார் மனுஷன்.

இப்போது பிளாட்டில் மேல்மாடியில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பையன்கள் அவரை அண்ணே, அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார்கள். இருந்தும் அவர் வாசல் கிரில்லில் மாட்டியிருப்பது அதே பழைய பூட்டைத்தான். பொழுது சாய்ந்ததும் உள்ளேயிருந்து பூட்டிவிட்டு, நான் கேட்காமலே சாவியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுகிறார். ஆனாலும் அந்தப் பூட்டு விழுகிற சத்தம் கேட்டால் எனக்கு இன்னும் திக்கென்கிறது. சாவியை ஒரு தடவை இறுக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அடுப்படிக்குப் போகிறேன்.