அணிலிடம் பொய் சொன்னவன்

பிள்ளைகளே, வாழ்க்கையில் என் வயிறு அதிகமாக எரிந்தது என் பெரியம்மா மகனைப் பார்த்துத்தான்.

அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் வீடு சான் ரமோனில், எங்கள் வீடு சான் ஹோசேயில். ஞாயிறுதோறும் எங்கள் கராஜில் மாமா இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் மார்க்கப் பாடம் எடுப்பார். வாரமெல்லாம் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர், அன்று மட்டும் தொப்பி போட்டு, டோனட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருவார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல்லையும் செயலையும் முன்னோர் எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதுதான் அந்த வருடப் பாடம். தோழர்கள் பலர் மனதில் ஏற்றினார்கள், சிலர் எழுதியும் வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அப்படி ஒரு செய்தியை, ஒரே ஒரு ஹதீஸைக் கேட்க ஒட்டகத்தில் நாள் கணக்காகப் போனார்கள். யார் எதைச் சொன்னாலும், "உமக்குச் சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார்" என்று நபிகள் வரைக்கும் கேட்டுப் போவார்கள். அந்தப் பெயர் வரிசை ஒரு சங்கிலி. அதில் ஒருவர் பொய்யர் என்று தெரிந்தால் அந்த ஹதீஸ் தள்ளுபடி.

பெருநாள் கூட்டத்தில் ஒரு பிள்ளை மைக் பிடித்து ஹதீஸ் சொல்ல வேண்டும். எனக்கு அந்த மைக் வேண்டும். நான் ஹதீஸைப் பாடம் பண்ணிச் சொன்னேன். அவனோ சங்கிலியில் இருக்கிற அத்தனை பெயரையும் சேர்த்து மூச்சு விடாமல் ஒப்பித்தான். உம்மா கரண்டியோடு ஓடிவந்து அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"மாஷா அல்லாஹ், என் ராசா! இங்கேயும் ஒண்ணு இருக்கே, வாய்க்குள்ள டோனட் மட்டும்தான் போகுது."

என்னைப் பெற்ற உம்மா! என் நெற்றியும் பக்கத்தில்தான் சும்மா இருந்தது.

அடுத்த வாரம் மாமா ஒரு கதை சொன்னார். ஓர் அறிஞர் ஹதீஸ் கேட்க நெடுந்தூரம் போனாராம். அந்த வீட்டுக்காரர் வெறும் மடியைத் தீனி இருப்பதுபோலக் காட்டித் தன் குதிரையைப் பிடித்தாராம். மிருகத்தை ஏமாற்றுகிறவரிடம் கேட்கமாட்டேன் என்று அறிஞர் திரும்பிவிட்டாராம். இந்தக் கதைக்குச் சங்கிலி உண்டா என்று எனக்குத் தெரியாது. அன்று எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: அவன் ஒரு பொய் சொன்னால் போதும், மைக் எனக்கு.

அன்றிலிருந்து அவன் பின்னாலேயே திரிந்தேன். அவன் பொய்யே சொல்லித் தொலைக்கவில்லை. பல் தேய்க்காத நாளில்கூட, "மறந்துட்டேன் சின்னம்மா" என்று என் உம்மாவிடம் தானாகப் போய்ச் சொன்னான்.

பிறகு ஒரு ஞாயிறு, பின்பக்கத் தோட்டத்தில் ஓர் அணில் வந்தது. அவன் குந்தி உட்கார்ந்து, மூடிய கையை நீட்டினான். "கம், கம், நட்ஸ் தரேன்." அணில் கிட்டே வந்து மோந்து பார்த்தது. கையில் ஒன்றுமில்லை.

நான் கராஜுக்குப் பறந்தேன்.

"மாமா! அவன் ஹதீஸ் செல்லாது! அணில்கிட்ட லை பண்ணிட்டான்!"

அங்கே நின்ற என் வாப்பா சிரிப்பை அடக்க ஒரு டோனட்டைக் கடித்துக்கொண்டார். மாமா சிரிக்கவில்லை.

"நீயும் அவனும் இங்கே என்கிட்ட ஒரே கிளாஸ்தானே?"

"ஆமா மாமா."

"மைக்குக்குப் பேர் குடுத்தது யார் யாரு?"

"நானும் அவனும் மட்டும்தான்!"

"சரி, போய் உட்காரு."

அதற்குள் அவனே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். "மாமா, அணிலைச் சும்மா ஏமாத்திட்டேன். கொஞ்சம் நட்ஸ் தாங்க, குடுத்துட்டு வரேன்." மாமா கடலையைக் கொடுத்தார். பெருநாளன்று மைக்கையும் அவனுக்கே கொடுத்தார்.

பொய் சொன்னவன் மேடையில், உண்மை சொன்னவன் கீழே. நான் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லையே, பிறகு ஏன் எடுபடவில்லை என்று பிரியாணியைக்கூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஹதீஸ் அறிஞர்களுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு என்பதைப் பெரியவனான பிறகுதான் கேள்விப்பட்டேன். ஒரே காலத்தில் போட்டியில் இருக்கிற இருவரில் ஒருவர் மற்றவரைக் குறை சொன்னால், வேறு ஆதாரம் இல்லாமல் அதைச் சட்டென்று ஏற்கமாட்டார்களாம். மாமா கேட்ட அந்த இரண்டு கேள்வியும் அவனைப் பற்றியவை என்றே நான் நினைத்திருந்தேன். அதனால்தான் அத்தனை சத்தமாகப் பதில் சொன்னேன்.