ஆள் சரியா?

என் அப்பா இலங்கை ஆமியில் இராணுவ லொறி ஓட்டியவர். கண்டி மஹய்யாவவில் இருந்து குடும்பமாக எங்கே கிளம்பினாலும், வேனை எடுக்குமுன் "ஆள் சரியா?" என்று கேட்பார். மூத்தவள் நான் எல்லாரையும் எண்ணிப் பார்த்து, "சரிப்பா" என்ற பிறகுதான் வண்டி நகரும்.

அவர் இறந்த மறுவருடம், யுத்தக் கெடுபிடியான காலம். குருநாகலில் இருந்து கண்டிக்கு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பெண். கடை வேலையில் லீவு கிடைத்து, தம்பி காலுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். கலகெதர அருகே சோதனைக்காக எல்லாரையும் இறக்கினார்கள். அவள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, எனக்கு இன்னும் அடையாள அட்டை வரல. உங்க தங்கச்சின்னு சொல்றீங்களா?"

நான் கையை விடுவித்து, என் அட்டையை எடுக்கப் பர்ஸைத் திறந்தேன். அதில் இருந்த அப்பாவின் சீருடைப் படத்தைச் சிப்பாய் பார்த்தான். யாரென்று சிங்களத்தில் கேட்டான். சொன்னேன். முகம் இளகி, ஏறச் சொன்னான். அவளை மட்டும் ஓரமாக நிறுத்தினார்கள்.

பஸ்ஸுக்குள் கண்டக்டர் என் பக்கத்து சீட்டைப் பார்த்தார். சப்பாத்துப் பெட்டி மட்டும் இருந்தது.

"ஆள் சரியா?"

அங்கிருந்து போய்விட்டால் போதும் என்றிருந்தது.

"சரி" என்றேன். பஸ் நகர்ந்தது.

அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. இப்போது எந்த பஸ்ஸில் ஏறினாலும் ஆட்களை எண்ணுகிறேன்; முடித்ததும் திரும்ப எண்ணுகிறேன். அப்பாவின் படத்தைப் பர்ஸில் வைப்பதில்லை. அவர் கேட்பார்.