ஆற்றுப்பாறையில் நான் நீட்டிய ஜெபம்

உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கு மறுநாள் ஆற்றுக்குப் போய்க் குளித்து, அங்கேயே சாப்பிட்டுத் திரும்புவது எங்கள் சபை ஆண்களுக்கு வழக்கம். நெய்யாற்றில் அப்போது அணை கிடையாது. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் அதன் இஷ்டத்துக்கு வரும், போகும்.

எல்லைப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்கள் தாலுகாவை மலையாள நாட்டிலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று கூட்டம் போடுவோம். முந்தின வாரம்தான் பனச்சமூடு சந்தையில் ஒரு மலையாளக்காரர், "இது ஞங்ஙளுடெ ஸ்தலம், போயின்" என்று, தங்கள் இடத்தைவிட்டுப் போகச் சொல்லி எங்களை விரட்டியிருந்தார். அந்தச் சொல் எனக்குள் எரிந்துகொண்டே இருந்தது. அவரிடம்தான் நான் தேங்காய் விற்பேன், மலையாளத்திலேயே பேசி விற்பேன். எனக்கு அந்தப் பாஷை தெரியாமல் இல்லை.

அந்த வருஷம் மனைவியின் தம்பியும் எங்களோடு வந்தான். அவளுக்குக் கூடப்பிறந்தது அவன் ஒருவன்தான். எங்கள் ஊர் கொல்லயிலில், வீட்டு முற்றத்தில் நின்று அவள் சொன்னாள்:

"அவனுக்கு நீச்சல் தெரியாது. முட்டளவு தண்ணிக்கு மேல விடப்பிடாது, கேட்டேளா?"

"நான் உண்டுல்லா. பத்திரமா கொண்டு வாறேன்" என்றேன்.

மொத்தம் ஐந்து பேர். பனச்சமூடு வரை பஸ், பிறகு நடை. நாங்கள் போன இடத்தில் ஆற்றின் நடுவே ஒரு பரந்த பாறை உண்டு. கோடைக்காலம் ஆகையால் முழங்கால் நனைய நடந்தே ஏறிவிட்டோம். மச்சினன் பாறையோரம் உட்கார்ந்து தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குளித்தான். "எலே, ஞானஸ்நானமா எடுக்க?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். அவனும் சிரித்தான்.

மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்திருந்த இலைப்பொதிகளைப் பிரித்தோம். எங்கள் தலைமேல் நல்ல வெயில். தூரத்து மலை மட்டும் மழைமேகத்தில் கறுத்திருந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. ஜெபம் பண்ண என்னைச் சொன்னார்கள். கண்ணை மூடி ஆரம்பித்தேன்.

அப்போதுதான் கரையிலிருந்து சத்தம் வந்தது. "மலவெள்ளம் வருந்நே, கேறிக்கோ!" கொஞ்சம் முன்னால் அங்கே மூங்கில்போன்ற ஈற்றை வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்திருந்தோம். அவர்தான்.

என் பக்கத்திலிருந்தவன் மெல்லச் சொன்னான்: "திரும்பாண்டாம். நம்ம தமிழ் ஜெபம் அவனுக்குக் காதுல குத்துது ஆக்கும்."

மலைவெள்ளம் வருகிறது, கரையேறுங்கள் என்று அவர் சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்தது. சொன்னவரைத்தான் நம்பவில்லை. சந்தையிலிருந்து விரட்டியதுபோல ஆற்றிலிருந்தும் விரட்டுகிறார்கள் என்று நினைத்தேன். சாப்பாட்டுக்கு நன்றி சொல்லி முடிக்க வேண்டிய ஜெபத்தை வேண்டுமென்றே நீட்டினேன். போராட்டத்துக்காக, சிறையில் இருந்தவர்களுக்காக, எல்லைக்காக, குரலை உயர்த்தி உயர்த்தி ஜெபித்தேன். அவர் மூன்று தடவை கூப்பிட்டார். மூன்று தடவையும் நான் அவரை மிஞ்சிச் சத்தமிட்டேன். கர்த்தரை நோக்கிப் பேசுவதாகத்தான் மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். நான் பேசியது கரையை நோக்கி.

ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது ஆறு செம்மண் நிறமாக இருந்தது. சருகும் நுரையும் கூட்டமாக வந்தன. நடந்து வந்த வழியில் தண்ணீர் நெஞ்சளவுக்கு ஏறியிருந்தது. எங்கள் நால்வருக்கும் நீச்சல் தெரியும்.

மச்சினன் என் கையைப் பிடித்தான். "அத்தான், நான் எப்பிடி?"

ஈற்றை வெட்டுகிறவர் கட்டு கட்டுகிற கயிற்றின் ஒரு நுனியைக் கரைமரத்தில் கட்டி, மறுநுனியில் ஒரு விறகுக்கட்டையைப் பிணைத்து எறிந்தார். இரண்டாம் தடவை கைக்கு எட்டியது. கயிற்றை அவன் இடுப்பில் கட்டி, பின்னால் நானும் இறங்கினேன். பாதி வழியில் அவன் கால் வழுக்கித் தண்ணீருக்குள் போனான். தலை தெரியவில்லை. அப்போது என் வாயில் ஒரு ஜெபமும் வரவில்லை. அவர் ஒற்றை ஆளாய்க் கயிற்றை இழுத்தார். நான் பின்னாலிருந்து தள்ளினேன். எப்படியோ கரை சேர்ந்தான். மற்ற மூவரும் அவர் மறுபடி எறிந்த கயிற்றைப் பிடித்து வந்தார்கள். சற்று நேரத்தில் பாறையே மூழ்கிவிட்டது, சாப்பாடும் போயிற்று.

அவர் மூச்சிரைக்க எங்கள் தமிழிலேயே கேட்டார்: "மூணு தடவ விளிச்சேன். செவி கேக்காதோ?"

"ஜெபம் பண்ணிட்டிருந்தோம்" என்றேன்.

"அத இஞ்ச கரையில இருந்து பண்ணப்பிடாதா?"

அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மறுபடி வேலைக்குப் போனார். நான் நன்றி என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வீட்டில் தம்பியின் இடுப்பில் கயிறு அறுத்த சிவந்த தடத்தைப் பார்த்து மனைவி என்னைப் பார்த்தாள். வெள்ளம் திடீரென்று வந்தது என்று மட்டும் சொன்னேன். மச்சினன் துண்டால் தடத்தை மூடிக்கொண்டான். அந்திக்கு விளக்கேற்றிக் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது என்னால் ஜெபத்தை ஆரம்பிக்க முடியவில்லை. கரையிலிருந்து அவர் கூப்பிட்டது, நான் ஜெபத்தை நீட்டியது எல்லாவற்றையும் அங்கேயே சொல்லிவிட்டேன்.

மனைவி, "இன்னைக்கு நீங்க பண்ணாண்டாம், நான் பண்ணுதேன்" என்றாள். கூப்பிட்ட மனுஷனுக்காக இரண்டு வரி ஜெபித்து முடித்தாள்.

மறு வருஷமும் ஆற்றுக்குப் போனோம். கரையில்தான் இலை விரித்தோம். ஜெபம் பண்ணியது மச்சினன். நாங்கள் கண்ணை மூடினோம். அவன் மூடவில்லை, மலையைப் பார்த்துக்கொண்டே பண்ணினான். நானும் பாதியில் கண்ணைத் திறந்து, ஈற்றைக்காட்டுப் பக்கம் அந்த மனிதர் தெரிகிறாரா என்று பார்த்தேன். அவர் அன்று வரவில்லை. அவருக்கென்று தனியே கட்டிக் கொண்டுபோயிருந்த சாப்பாட்டுப் பொதியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.