சுடர்விழியின் இரண்டு படங்கள்

கலையரசி கோரிமேட்டில் ஒரு ஸ்டுடியோவில் வெகுகாலமாக பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்துவந்தாள். தழும்பு இருந்தால் கம்ப்யூட்டரில் அழிப்பாள். முகம் கறுத்திருந்தால் கொஞ்சம் வெளுக்கவைப்பாள். அப்பா வேலை பார்த்த மில் மூடியபோது கிடைத்த வேலை. நாற்பதை நெருங்கும்வரை அதைத் தாண்டி எதுவும் தோன்றியதில்லை.

பிரிண்ட் போட வந்த சுடர்விழி ஒருநாள் அவள் பின்னால் நின்று பார்த்தாள். லாஸ்பேட்டைக்காரி, பத்திரிகைகளுக்குப் படம் எடுப்பவள், கலையரசியைவிட மிகவும் இளையவள். திரையில் ஒரு மீன்காரம்மாவின் நெற்றிச் சுருக்கம் மறைந்துகொண்டிருந்தது.

"ஏங்க்கா அத அழிக்கறீங்க? அது அவங்களுதுதானே?"

கலையரசிக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுடர்விழியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து படம் எடுக்க அரியாங்குப்பம் போனாள். முதலில் சுடர்விழி கேமராவைத் தொடவிடவில்லை. வலை சிக்கெடுப்பவர்களோடு பேசவைத்தாள். "நம்மள மறந்துட்டு வேலையப் பாப்பாங்க பாருங்க, அப்ப எடுங்க." எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு. ஆளு எங்க?" என்பாள். பல ஞாயிறுகள் அப்படியே போயின. அவளைத் திட்டிக்கொண்டே கலையரசி கற்றுக்கொண்டாள். கடற்கரைச் சாலையில் நடந்த ஒரு கண்காட்சியில் தன் பெயரோடு தொங்கிய படத்தின் முன் நின்று அழுதாள்.

பிறகு சுடர்விழிக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் முடியெல்லாம் கொட்டிவிட்டது.

"என்னைய ஒரு படம் எடுங்கக்கா."

"முடி வளரட்டும்மா, அப்புறம் எடுக்கறேன்."

"இப்படியே எடுங்க."

சுடர்விழி ஜன்னலோரம் உட்கார்ந்து, கஞ்சியில் உப்பில்லை என்று அம்மாவிடம் சண்டை பிடித்துச் சிரித்தபோது கலையரசி எடுத்தாள். சுடர்விழி வெகுநேரம் அதைப் பார்த்தாள். "இதுல நான் இருக்கேன்" என்றாள்.

ஐப்பசி மழையில் இறந்துபோனாள்.

கண்ணீர் அஞ்சலி பேனருக்குப் படம் கேட்டு அவள் அம்மா வரலட்சுமி ஸ்டுடியோவுக்கு வந்தார். கலையரசி அந்தப் படத்தைத் திறந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வேணாம் கலை. எம் பொண்ணுக்கு எவ்ளோ முடி. ஊரையே எடுத்தா, அவளுக்குன்னு வேற ஒரு படம் இல்ல. இதுலயே முடி வெச்சிக் குடும்மா."

சுடர்விழிக்குப் பிடித்த படம் இது என்று சொல்லக் கலையரசி வாயெடுத்தாள். அந்த அம்மாவைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. ஸ்டுடியோவின் பழைய படமொன்றில் இருந்த வேறொரு பெண்ணின் முடியை எடுத்துப் பொருத்தினாள். கண்ணுக்குக் கீழிருந்த கருமையை அழித்தாள். ஒட்டிய கன்னத்தை நிரப்பினாள். ஒவ்வொன்றாக அவளே செய்தாள்.

வரலட்சுமி திரையைத் தொட்டுத் தடவினார். "வந்துட்டா எம் பொண்ணு."

கலையரசி திரைச்சீலைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காரியம் முடிந்தும் பேனரை யாரும் கழற்றவில்லை. அந்தத் தெரு வழியாகப் போக நேர்ந்தால் கலையரசி தலையைக் குனிந்துகொள்கிறாள். ஜன்னலோரம் எடுத்த படத்தை அவள் யாருக்கும் காட்டியதில்லை. வரலட்சுமியின் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது பஸ்ஸில் தனியாகப் போய் எடுக்கிறாள். படங்கள் முன்னைவிட நன்றாக வருகின்றன. பார்த்துச் சொல்ல ஆளில்லை.