கேக் முதலில், சூப் பிறகு

காரட் கேக்கின் கடைசித் துணுக்கையும் வழித்துத் தின்ற பிறகுதான் ஆர்வோ கொஸ்கி பட்டாணி சூப்பின் பக்கம் திரும்புவார். மிச்சிகனின் பனிச் சாலைகளில் முப்பத்தெட்டு வருஷம், பழுதான கார்களை இழுத்துப்போகும் வண்டி ஓட்டியவர். "எவன் எப்பப் பள்ளத்துல இறங்குவான்னு தெரியாது. சூப்பைப் பாதியில விட்டுட்டு ஓடலாம், கேக்கை விட முடியுமா?" என்பார். ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகியும் அவசரம் மட்டும் போகவில்லை.

வயது எழுபத்துநாலு. கையுறை கிழிந்தால் தைத்துப் போடுவார். உணவகத்தில் சும்மா கிடைக்கும் கெச்சப் பொட்டலங்கள் அவர் சட்டைப் பைக்குப் போகும். ஓய்வுக்காலக் கணக்கில் இரண்டு லட்சம் டாலர் சொச்சம் இருக்கிறது. அதைத் தொட மட்டும் கை வராது. ஆனால் அமெரிக்கச் சட்டப்படி இந்த வயதில் வருஷாவருஷம் ஒரு பங்கை வெளியே எடுத்து வரி கட்டியே தீர வேண்டும். இந்த வருஷம் எட்டாயிரம். டிசம்பர் முப்பத்தொன்று கெடு.

ஆர்வோ ஒரு வழி கண்டுபிடித்தார். அந்த எட்டாயிரத்தைக் கையில் வாங்காமல் ராத் என்கிற இன்னொரு வகை ஓய்வுக்காலக் கணக்குக்கு மாற்றிவிடுவது. இப்போது வரி கட்டிவிட்டால், பின்னால் மகள் மார்சி கைக்கு அது வரியில்லாமல் போகும். இழுவை வண்டியை இப்போது ஓட்டுவது மார்சிதான். பனி கொட்டும் நாட்களில் அவளை நினைத்து ஆர்வோவுக்கு உயிரே இருக்காது.

அது செல்லாது என்று போனில் மூன்று முறை சொல்லியும் அவர் மண்டையில் ஏறாததால், முப்பதாம் தேதி மதியம் வங்கிக்காரி காலீன் படிவங்களோடு அவர் சாப்பிடும் உணவகத்துக்கே வந்துவிட்டாள்.

"பணம் கணக்கை விட்டு வெளிய போகணும், அதானே சட்டம்? போகுதுல்ல!"

"இந்த எட்டாயிரத்தை ராத்துக்கு மாத்தவே கூடாது ஆர்வோ. மாத்தி அங்கேயே விட்டா வருஷாவருஷம் அபராதம். முதல்ல இதை எடுங்க. அப்புறம் மிச்சத்துலேந்து எவ்வளவு வேணாலும் மாத்துங்க."

"அதுக்கும் வரியா?"

"அதுக்கும்தான்."

"ரெண்டு தடவை தோலை உரிக்கிறீங்களே, நியாயமா?"

"அபராதத்துல கரையப்போறது யார் பணம்? மார்சி பணம்தானே?"

ஜன்னலுக்கு வெளியே, மஞ்சள் விளக்கு சுழல, மார்சியின் வண்டி யாருடைய காரையோ இழுத்துக்கொண்டு போயிற்று. அது திருப்பத்தில் மறையும்வரை ஆர்வோ பார்த்திருந்தார்.

"சரி. எட்டாயிரத்தை எடு. அப்புறம் பத்தாயிரத்தை மாத்து."

இரண்டு படிவங்களிலும் கையெழுத்துப் போட்டார். காலீனின் பேனா, கெச்சப் பொட்டலங்களோடு சேர்ந்துகொண்டது.

வழக்கம்போல் கேக்கும் சூப்பும் வந்தன. ஆர்வோ கேக் தட்டை மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார். சூப்பை முன்னால் இழுத்து வைத்து, மருந்து குடிக்கிற முகத்தோடு கரண்டியை எடுத்தார்.