இறங்காத விமானி

அல்லிநகரத்தில் முத்துப்பாண்டியின் ஸ்பீடாமீட்டர் கடையிலிருந்து எந்த வண்டியும் முள் பூஜ்யத்தில் உட்காராமல் வெளியே போனதில்லை. ஒரு மயிரிழை தள்ளி நின்றாலும் மனுஷருக்குச் சோறு இறங்காது. வேலை இல்லாத நேரங்களில் அதே மேஜையில் குட்டிப் போர் விமானங்கள் செய்வார். இதுவரை விமானம் ஏறியதில்லை, ஏறும் ஆசையும் இல்லை. அதன் உள்ளே இருக்கும் மீட்டர்கள்மேல்தான் அவருக்குப் பைத்தியம்.

"பொம்மைக்கு பெல்ட்டு போட நேரமிருக்கு, வீட்டு மிக்ஸியத் திறந்து பாக்க நேரமில்ல" என்பார் மனைவி பவானி. அவர் சொல்வதும் நியாயம்தான். மிக்ஸி இன்னும் அலமாரிக்கு மேலேதான் கிடக்கிறது.

ஓடைப்பட்டியில் திராட்சை போட்டிருக்கும் தங்கபாண்டி ஒருநாள் பைக் மீட்டரைச் சரிபார்க்க வந்தார். விமானப்படையில் தரைப்பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜையில் இருந்த விமானத்தை எட்டிப் பார்த்தவர், "சீட்டு சாய்மானம் பத்தாதே" என்றார். அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தார். மீட்டர் பலகைக்கு என்ன நிறம், முகமூடிக் குழாய் எந்தப் பக்கம் வளையும், விமானி கையை எங்கே வைப்பார் என்று எல்லாம் அவர் சொல்லித்தான் நடந்தது. சிகரெட் பெட்டி ஈயத்தாளில் பெல்ட், மோட்டார் சுற்றும் கம்பியில் குழாய், எம்-சீல் பசையில் விமானி. இப்படி ஒரு சிநேகிதம் இந்த வயதில் அமையும் என்று முத்துப்பாண்டி நினைத்ததே இல்லை.

வேலை முடிந்தது. சக்கரங்களை உள்ளே மடக்கி, விமானியை உட்கார வைத்து, கண்ணாடி மூடியை மூடி, பறப்பதுபோல் ஒரு கம்பியில் நிறுத்தினார். தங்கபாண்டி லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு லென்ஸைக் கீழே வைத்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று எழுந்தார். டீ அப்படியே ஆறிக் கிடந்தது.

அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. முத்துப்பாண்டிக்கு வேலையே ஓடவில்லை. லென்ஸை எடுத்து அங்குலம் அங்குலமாகத் தேடியபோது தப்பு அகப்பட்டது. பறக்கிற விமானத்தில் வேகமும் உயரமும் பூஜ்யம் காட்டின. கடைப் பழக்கத்தில் கை தானாகச் செய்த காரியம். வெட்கம் பிடுங்கித் தின்றது. விமானத்தைச் செருப்புப் பெட்டிக்குள் பொதிந்துகொண்டு சின்னமனூர் வழியாக ஓடைப்பட்டி போகும் பஸ் பிடித்தார்.

தங்கபாண்டி பந்தலுக்கடியில் கத்திரியோடு திராட்சைக் கொத்தில் நெருக்கமான காய்களைக் கழித்துக்கொண்டிருந்தார்.

"முள்ளுல தப்புப் பண்ணிட்டேண்ணே. எல்லாம் ஜீரோவுல நிக்குது. கழட்டி மாத்திர்றேன். அதுக்காகப் பேசாம இருக்காதீக."

"முள்ள நான் பாக்கவே இல்லப்பா." கத்திரி நின்றது. "விமானம் வந்து நின்னதும் ஏணியப் போட்டு மொத ஆளா ஏறுறது நாந்தேன். சிவப்பு நாடா கட்டுன பூட்டுப் பின்னுகளச் சீட்டுல மாட்டி, தோளத் தட்டுவேன். அப்பறந்தேன் அவுக பெல்ட்டக் கழட்டுவாக. பின்னு மாட்டாம எசகுபிசகாக் கை பட்டுச்சுன்னா, ஆபத்துல தப்பிக்க வச்ச சீட்டு ஆளத் தூக்கி வெளிய எறிஞ்சிரும்."

முத்துப்பாண்டி செருப்புப் பெட்டியைக் கீழே வைத்தார்.

"ஒரு நா மேல போன ஒருத்தர் திரும்பி வரல. சின்ன வயசு. பின்னு பூரா எங் கையில இருக்கு. ஏணியப் பிடிச்சுக்கிட்டு இருட்டுற வரைக்கும் அங்கனயே நின்னேன். நீ செஞ்ச ஆளு அவுக மாதிரியே தலையச் சாச்சு உக்காந்திருக்காரு. மேலயே இருக்காரு. என்னால பாக்க முடியல முத்து."

முத்துப்பாண்டி பெட்டியைத் திறக்கவில்லை. தானும் ஒரு கத்திரியை எடுத்து அன்று பொழுது சாயும்வரை காய் கழித்தார்.

அந்த வாரம் முழுக்கக் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. கம்பியைப் பிடுங்கினார், சக்கரங்களை இறக்கினார், மூடியைத் திறந்து வைத்தார். தீக்குச்சியைச் சீவி ஏணி செய்தார். மீட்டர் சுருள்வில் துண்டுகளில் சிவப்பு நூல் கட்டிப் பின்னுகள் செய்தார். அவற்றை மட்டும் மாட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஓடைப்பட்டியில் பெட்டியைத் திறந்து வைத்து, இடுக்கியைத் தங்கபாண்டியிடம் நீட்டினார். அவர் லென்ஸ் வழியே குனிந்தார்.

"முள்ள மாத்தலையா?"

"எதுக்குண்ணே? விமானந்தேன் தரைக்கு வந்து நின்னுருச்சுல்ல."

தங்கபாண்டி இடுக்கியால் முதல் பின்னை எடுத்தார். முத்துப்பாண்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு பின்னாகச் சீட்டில் ஏறியது. கடைசிப் பின் மாட்டியதும் தங்கபாண்டி இடுக்கியை வைத்துவிட்டு, சுண்டுவிரல் நுனியால் அந்தச் சின்னத் தோளை மெல்லத் தட்டினார்.

"இறங்கி வாங்க சார்" என்றார்.